பதினேழாம் வீடு கோசோங்

தண்ணீர்க் குழாயை அடைக்க வந்த ஆளுக்குப் பதினேழாம் வீட்டுப் பஞ்சாலையே தேத்தண்ணி கலக்கிக் கொடுத்திருக்கிறாள். வெயில் அப்படி. மழை கண்டு வெகுநாளாகியிருந்தது. செம்பனைக் காட்டுப் பாதையில் ஒரு லாரி போனால், அடுத்த லாரி வரும்வரை புழுதி அடங்காமல் நின்றது. வந்தவர் இந்தோனேசியாக்காரர், கம்பெனியின் குத்தகையாளரிடம் வேலை செய்கிறவர். தேத்தண்ணியைக் குடித்தார். கிளாசைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். பிறகு வீட்டின் பின்புறம் போய், மீட்டருக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, குழாயைத் திருகி அடைத்து, திறக்க முடியாதபடி கம்பியால் முறுக்கிக் கட்டினார்.

பஞ்சாலை சத்தம் போட்ட பிறகுதான் சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்துக் காட்டினார். அதில் பதினேழாம் வீட்டுக்கு நேராக ஒரே ஒரு மலாய்ச் சொல் இருந்தது. கோசோங். காலி.

"யாரு கோசோங்? நான் நிக்கிறேன்ல முன்னுக்கு? இவ்வளவு நேரம் யாரு குடுத்த தேத்தண்ணிய குடிச்ச?"

தமிழ் புரியாவிட்டாலும் கேள்வி அவருக்குப் புரிந்துவிட்டது. கவிழ்த்து வைத்த கிளாசை ஒருமுறை பார்த்தார். காகிதத்தில் உள்ளபடிதான் செய்ய முடியும் என்று மலாயில் மெல்லச் சொல்லிவிட்டு, மோட்டாரில் ஏறிப் போய்விட்டார்.

பக்கத்து வீட்டு மோகனா வேலிக்கு இந்தப் பக்கம் வந்து நின்றாள்.

"அக்கா, கோசோங் வீட்டுலேருந்து மீன்கறி வாசம் வருதே. பேய் கீய் சமைக்குதா?"

"ஒனக்கு எந்நேரமும் சிரிப்புதான். வாளியக் குடு. ஒங்க பைப்புல தண்ணி புடிச்சிக்கிறேன்."

"புடிச்சிக்கலாம்லா. மொதல்ல ஒம் மகளுக்குப் போனப் போடு. அந்த ரிப்போட்ட எழுதுனது அவதானே?"

மகள் ரதி வேலை பார்க்கும் செண்டாயான் தொழிற்சாலையில் வேலை நேரத்தில் போனைத் தொட முடியாது. சாப்பாட்டு நேரத்தில் ரதி அலமாரியைத் திறந்து பார்த்தபோது அம்மாவின் அழைப்புகள் வரிசையாகத் தவறியிருந்தன. திருப்பி அழைத்தாள். பஞ்சாலை வணக்கமும் சொல்லவில்லை, சாப்பிட்டாயா என்றும் கேட்கவில்லை.

"நம்ம வீட்டுல யாரும் இல்லன்னு எழுதிக் குடுத்துட்டியாமே?"

*

அறிக்கை ரதியுடையதுதான். ஆனால் அதை எழுதியது அவள் என்று சொல்வது சரியாகாது. அவள் அதை எழுத வைத்தாள்.

தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளை இடித்துவிட்டு அந்த இடத்தில் புதிய குடியிருப்பு கட்டப் போவதாகக் கம்பெனி சொல்லியிருந்தது. இருக்கிறவர்களுக்குச் சாலைக்கு அந்தப் பக்கம் ஆளுக்கொரு தாமான் வீடு, அதாவது குடியிருப்புப் பேட்டை வீடு. எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று குடியிருப்பாளர் கமிட்டி அறிக்கை கொடுக்க வேண்டும். தோட்டத்தில் கோயில் கமிட்டியைத் தவிர வேறு கமிட்டி கிடையாது. அதன் தலைவர், வேலையாட்களை மேய்த்து ஓய்வுபெற்ற மண்டோர் சன்னாசி. ரதிக்குப் பெரியப்பா முறை.

ரதி அப்போது சிரம்பானில் மாலை வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். தகவல்களை ஒழுங்குபடுத்தி வைப்பது பற்றிய படிப்பு. வகுப்பில் ஒரு விக்கி செய்து காட்டச் சொன்னார்கள். பலர் சேர்ந்து எழுதவும் திருத்தவும் கூடிய இணையப் பக்கங்களின் தொகுப்பு. ரதி தோட்டத்தையே எடுத்துக்கொண்டாள். வீட்டுக்கு ஒரு பக்கம். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஒரு பெட்டி, பெட்டிக்குள் கட்டங்கள். வீட்டு எண், தலைக்கட்டு, மனைவி, இருப்பவர்கள். அதன்மேல் வார்ப்புரு ஒன்று எழுதினாள். அது எல்லாப் பெட்டிகளையும் தானே படித்து, கட்டத்தில் உள்ளதை எடுத்து மலாய் வாக்கியங்களுக்குள் ஊற்றி, முழு அறிக்கையாக்கித் தந்துவிடும். ஒரு வீட்டில் குழந்தை பிறந்தால் அந்த வீட்டுப் பக்கத்தை மாற்றினால் போதும், அறிக்கை தானாக மாறிக்கொள்ளும். முதன்முதலாக அந்தப் பொத்தானை அழுத்தி, வீடு வீடாக வாக்கியங்கள் இறங்கி வந்ததைப் பார்த்த மாலையில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

தோட்டத்தில் விக்கி என்றால் யாரோ பையன் என்றுதான் நினைத்தார்கள். "அந்த விக்கிப் பையன் என்ன சொல்றான், எங்களுக்கு முன்பக்க வீடு கெடைக்குமாமா?" என்று சன்னாசியே கேட்டிருக்கிறார்.

கட்டங்களின் பெயர்களைக் கோயில் வரிப் புத்தகத்திலிருந்து எடுத்தாள். அங்கேதான் கோளாறு. கோயிலில் தலைக்கட்டு என்றால் ஒரு வீட்டுக்காகச் சபையில் நிற்கும் கல்யாணமான ஆண். திருவிழாவில் அவன் பெயரைச் சொல்லித்தான் அர்ச்சனை. அவன் செத்தாலும் மகன் தலையெடுக்கும் வரை பெயர் மாறாது. ரதி அந்தச் சொல்லை மலாயில் 'கெதுவா கெலுவார்கா', குடும்பத் தலைவர், என்று போட்டாள். இரண்டும் ஒன்றுதானா என்று அன்றைக்கு அவளுக்கு யோசனை வரவில்லை.

தன் வீட்டுப் பக்கத்தை நிரப்பும்போது அந்தக் கட்டத்தில் கை நின்றது. அப்பா தேவன், சி ரூசா என்ற கடலோர ஊருக்குப் போய், அங்கே கடற்கரை விடுதி ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டு, வேறொருத்தியோடு இருக்கிறார். அவர் போனபோது ரதி இடைநிலைப் பள்ளியில் இரண்டாம் பாரத்தில் இருந்தாள். விக்கியின் முதல் பக்கத்தில் 'உண்மை தெரிந்ததை மட்டும் எழுதவும்' என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்தவளே அவள்தான். கட்டத்தைக் காலியாக விட்டாள்.

லயத்தில் நிஜமாகவே பூட்டிக் கிடந்த வீடுகளுக்காக வார்ப்புருவில் ஒரு வரி இருந்தது. தலைக்கட்டு கட்டம் காலியாக இருந்தால் கோசோங் என்று எழுது. அதையும் அவளேதான் எழுதியிருந்தாள்.

மற்ற வீடுகளை ஒன்றுக்கு இரண்டு தடவை சரிபார்த்தாள். சொந்த வீட்டைச் சரிபார்க்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

*

அன்று மாலை வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு ரதி வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து போனை நோண்டினாள். காலிக் கட்டத்தில் பஞ்சாலை என்று தட்டிச் சேமித்தாள். அறிக்கை மறுபடி இறங்கியது. 'திரு. பஞ்சாலை தம் மனைவியுடன் இவ்வீட்டில் வசிக்கிறார்.'

மோகனா எட்டிப் பார்த்து மலாயை எழுத்துக்கூட்டிப் படித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அக்கா, ஒனக்குப் பொண்டாட்டி இருக்காமே! யாரு அது, நானா?"

"நீயெல்லாம் எனக்குச் சரிப்பட மாட்ட. மூணு வேளையும் கடைச் சாப்பாடு," என்றாள் பஞ்சாலை. செம்பனை உதிரிப்பழம் பொறுக்கிவிட்டு வந்த கை; நகக்கண்ணில் ஆரஞ்சுக் கறை போகவில்லை. தேய்த்துக் கழுவ வீட்டில் தண்ணீர் இல்லை.

"இன்னொரு கூத்து கேளு," என்றாள் மோகனா. "தாயம்மா வீட்டப் பாரு. வீரப்பன் மாமா வசிக்கிறாராம். அவரு செத்து எத்தன வருசமாச்சு? செத்தவரு இருக்காரு, நீ இல்ல!"

ரதிக்குச் சிரிப்பு வரவில்லை. பெண் பெயர் வந்தால் திருமதி போடு, மனைவி வரியை விட்டுவிடு என்று வார்ப்புருவைத் திருத்தினாள். ஓர் அடைப்புக்குறி விட்டுப்போய் அறிக்கை முழுவதும் சிதறியது. கண்டுபிடித்துச் சரிசெய்தாள். படிப்பு ஏறாதவள் ஏன் இந்த வேலைக்கு வந்தாய் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். இருட்டுவதற்குள் அது சரியாக வந்தது.

மறுநாள் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கம்பெனி அலுவலகத்துக்குப் போனாள். அங்கே இந்த வேலையைப் பார்த்தவர் குமுதினி. சிரம்பானில் பிறந்து வளர்ந்தாலும் பேச்சில் யாழ்ப்பாணம் போகாதவர். அறிக்கையைத் திரையில் ஓட்டிப் பார்த்தார்.

"பெண் குடும்பத் தலைவியா இருந்தா எங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை, ரதி. உங்கட கமிட்டிதான் ஆம்பிளைகளின்ர பேரா அனுப்பியிருக்கு."

"இப்ப திருத்தியாச்சு மேடம். நீங்க ஏத்துக்கிட்டா தண்ணி..."

"நான் ஒரு வீட்டை மட்டும் மாத்த ஏலாது. முழு ரிப்போட்டும் புதுசா வரவேணும், தலைவரின்ர கையெழுத்தோட. போன்ல விரலால போட்டாலும் சரி. வெள்ளிக்கிழமை மத்தியானத்தோட முடிஞ்சுது. பிறகு லிஸ்ட் மேல போயிடும்."

"அதுக்குள்ள தண்ணிய மட்டும் தெறந்து விட முடியாதா?"

"கோசோங் எண்டு இருக்கிற வீட்டுக்கு என்னெண்டு தண்ணி விடச் சொல்லுறது? சொல்லும் பாப்பம்." குமுதினிக்கே அது நன்றாகப்படவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் முகம் வால்வைத் திறக்காது.

*

சன்னாசி கோயில் கொட்டகையில் ரதத்துக்குக் கட்டும் விளக்குச் சரத்தைப் பிரித்துப் போட்டு, எரியாத பல்புகளைத் தேடிக் கழற்றிக்கொண்டிருந்தார். திருவிழாவுக்குக் காப்புக் கட்டியாகிவிட்டது. இடுப்பில் மஞ்சள் வேட்டி, கையில் மஞ்சள் கயிறு. ரதி நீட்டிய போனைத் தூரத்தில் பிடித்துப் படித்தார்.

"கெதுவா கெலுவார்கா, பஞ்சாலையா? என்னம்மா இது?"

"வீட்டுல அம்மாதான் பெரியப்பா இருக்காங்க."

"இருக்கட்டும். இல்லன்னு யாரு சொன்னா? தலைக்கட்டு வேற, இருக்கறது வேற. பொம்பள எப்படி தலைக்கட்டு ஆவும்? இன்னிக்கு ஒங்கம்மா. நாளைக்குத் தாயம்மா வந்து நிக்கும். அப்புறம் மருமகளுங்க வரிசையா வருவாங்க. நான் கோயில் நடத்தறதா, பஞ்சாயத்து பண்றதா?"

"இது கோயிலுக்கு இல்ல, கம்பெனிக்கு."

"கையெழுத்து கோயில் தலைவர் கையெழுத்துதானே?" ஒரு பல்பைக் குலுக்கிக் காதருகே வைத்துக் கேட்டார். "தேவன் பேரப் போடு. அவன் என் சித்தப்பா மவன். ஒனக்கு அப்பன். செத்தா போயிட்டான்? பேரப் போட்டா இப்பவே கையெழுத்து. சாயங்காலம் தண்ணி வந்துரும். ஒரு வார்த்தைம்மா. இதுக்கு எதுக்கு இம்புட்டுப் பாடு?"

ரதி வீட்டுக்குத் திரும்பி வந்தாள். அம்மா மோகனா வீட்டிலிருந்து இரண்டு கையிலும் வாளி தூக்கி வந்து, தண்ணீர்த் தொட்டியில் ஊற்றிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். காட்டில் நாளெல்லாம் குனிந்து பழம் பொறுக்கிய இடுப்பு. ஒரு வார்த்தைதானே என்று ரதிக்குத் தோன்றியது. கட்டத்தில் உள்ள எழுத்துதானே, அதுவா வீட்டுக்குள் வந்து உட்காரப் போகிறது? அம்மாவிடம் கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரியும். அதனால் கேட்கவில்லை. கோயில் பக்கம் திரும்பி நடந்துகொண்டே பஞ்சாலையை அழித்துத் தேவன் என்று தட்டினாள். சன்னாசி சந்தோஷமாக விரலால் கிறுக்கினார்.

மறுநாள் அந்த இந்தோனேசியாக்காரர் வந்து கம்பியை வெட்டி எடுத்தார்.

"எப்படிடி சரிபண்ண?" என்று கேட்டாள் பஞ்சாலை.

"ஒரு எடத்துல விட்டுப்போயிருந்துச்சும்மா. போட்டுட்டேன்."

"படிச்ச பிள்ள," என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு வீடு முழுக்கக் கழுவிவிட்டாள்.

*

வெள்ளிக்கிழமை காலையில் தேவன் வந்தார். மோட்டார் கூடையில் ஒரு துணிப்பை, கைப்பிடியில் கருவாட்டுப் பொட்டலம். தலை நன்றாக நரைத்திருந்தது. அன்று விடுப்பில் இருந்த ரதி வாசலில் நின்றாள். உள்ளே வாங்க என்றும் சொல்ல வரவில்லை, போங்க என்றும் சொல்ல வரவில்லை.

"வளந்துட்ட," என்றார் தேவன். "கடல் பக்கத்துக் கருவாடு. ஒனக்குப் புடிக்கும்ல?"

"எங்க இந்தப் பக்கம்?"

"சன்னாசி அண்ணன்தான் போன் பண்ணாரு. வீடு எம் பேர்ல வருதாம். சாவி குடுக்கறப்ப ஆளு இருக்கணுமாம், செக் பண்ண வருவாங்களாம். அதான் கொஞ்ச நாளைக்கு..." துணிப்பையைப் பார்த்துக்கொண்டே பேச்சை முடிக்காமல் விட்டார்.

பஞ்சாலை காட்டிலிருந்து அப்போதுதான் வந்தாள். ரப்பர் பூட்ஸ் போட்ட காலோடு நின்று முதலில் மோட்டாரைப் பார்த்தாள், பிறகு பையை, பிறகு ஆளை. கடைசியாக மகளைப் பார்த்தாள்.

"நீ போட்டியா?"

"தண்ணிக்காகத்தாம்மா."

"தண்ணிக்காக."

திட்டுவாள் என்று ரதி காத்திருந்தாள். பஞ்சாலையோ பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்தாள். உள்ளே போய்த் தூக்கிப் போகும் கேஸ் அடுப்பு, வாணலி, எண்ணெய் போத்தல் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கூடையில் எடுத்து வந்தாள். தேவன் கையிலிருந்த கருவாட்டுப் பொட்டலத்தை வாங்கி அதன்மேல் வைத்தாள். ஏதோ விருந்துக்கு அழைப்பு என்று எண்ணி அவர் சிரிக்கக்கூடச் செய்தார்.

"அக்கா, எங்க போற?" என்றாள் மோகனா வேலிக்கு அப்பாலிருந்து.

"சமைக்க."

நேராகக் கோயிலுக்குப் போனாள். கொட்டகை நடுவில் கூடையை இறக்கி, அடுப்பை வைத்துப் பற்றவைத்தாள். ரதத்துக்கு மேலே ஏணியில் நின்றிருந்த சன்னாசி அவசரமாக இறங்கினார்.

"ஏம்மா, பஞ்சாலை, என்ன இது?"

"வீடு அவரு வீடாம் மாமா. காகிதத்துல இருக்காம். அதுக்கு முந்தி கோசோங்னு இருந்துச்சு. ரெண்டுலயும் நான் இல்ல. வீட்டுல இல்லாதவ எங்கதான் சமைக்கிறது? ஆத்தாகிட்ட வந்துட்டேன். அவ கோசோங்னு சொல்ல மாட்டா." பொட்டலத்தின் நூலை அவிழ்க்காமல் மடியில் வைத்துக்கொண்டாள். எண்ணெயை வாணலியில் ஊற்றினாள்.

"அது என்ன பொட்டலம்?"

"ஒங்க தம்பி கொண்டாந்தது. கருவாடு."

"ஏய்! காப்புக் கட்டியிருக்கும்மா! கோயிலுக்குள்ளயா?"

"நான் என்ன மாமா பண்ணட்டும், தலைக்கட்டு ஆசையா வாங்கியாந்திருக்காரு."

பின்னாலேயே வந்த மோகனா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். தேவன் கொட்டகைக்கு வெளியே, வெயிலில், உள்ளே வரவும் முடியாமல் நின்றார். தாயம்மாவும் இன்னும் இரண்டு பெண்களும் துடைப்பத்தோடு அப்படியே நின்று பார்த்தார்கள். யாரும் பஞ்சாலையைத் தடுக்கவில்லை.

"ரதி! ஒங்கம்மாகிட்ட சொல்லு!"

ரதிக்கு எரிச்சல் வந்தது. மூன்று நாளாக அடக்கி வைத்திருந்த எரிச்சல். பெரியப்பா மேல், அலுவலகத்தின் மேல், எல்லாரையும்விடத் தன் மேல்.

"தலைக்கட்டு கோயில்ல இருக்கட்டும் பெரியப்பா. அதுல நான் கை வைக்கல. கம்பெனிக்குப் போறதுல அந்தக் கட்டமே வேணாம். இருப்பவர்கள்னு இன்னொரு கட்டம் இருக்கு. வீடு வீடாப் போயி நாந்தான் எழுதுனேன். அதப் படிக்கச் சொல்லிட்டா யார் வீட்டுல யார் இருக்காங்களோ அவங்க பேரு மட்டும் வரும். ஒங்க வீட்டுக்கு ஒங்க பேரும் பெரியம்மா பேரும். தாயம்மா அத்தைக்கு அவங்க பேரு. நான் மொதல்லயே அப்படிப் பண்ணியிருக்கணும்."

"எம் புருசன் பேரு போயிருமா?" என்றாள் தாயம்மா திடுக்கிட்டு.

"கோயில் புத்தகத்துல இருக்கும் அத்தை."

தாயம்மா கொஞ்சம் யோசித்தாள். "அங்க இருந்தாப் போதும். தாமான் வீட்டுல அவரு வந்தா இருக்கப் போறாரு?"

"அதெப்படி, கோயிலுக்கு ஒண்ணு கம்பெனிக்கு ஒண்ணா?" என்று சன்னாசி ஆரம்பித்தார்.

"ரதி," என்றாள் பஞ்சாலை, நூல் முடிச்சில் நகத்தை வைத்தபடி, "எண்ணெ காஞ்சிருச்சான்னு பாரு."

சன்னாசி கையை நீட்டினார். "குடும்மா. எங்க போடணும்? மொதல்ல அந்த அடுப்ப அணைக்கச் சொல்லு."

"போட்டு முடிங்க மாமா. அணைச்சிக்கிறேன்."

கோயிலில் கொடிமரத்தடியில்தான் லைன் கிடைக்கும். ரதி அங்கே நின்று வார்ப்புருவைத் திறந்து, தலைக்கட்டு என்று இருந்த இடத்தில் இருப்பவர்கள் என்று மாற்றினாள். ஒரே ஒரு சொல். சேமிக்கும் வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே நின்றது, அறுந்தது. மறுபடி அழுத்தினாள். மத்தியானத்துக்கு அதிக நேரம் இல்லை. கை வியர்த்து விரலைப் போன் ஏற்கவில்லை; பாவாடையில் துடைத்துக்கொண்டு மறுபடி அழுத்தினாள். மூன்றாம் முறை வாக்கியங்கள் இறங்க ஆரம்பித்தன. பதினேழாம் வீடு வந்தது. பஞ்சாலையும் ரதியும் வசிக்கின்றனர். அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு மற்ற வீடுகளையும் படித்தாள். இந்தத் தடவை ஒன்றையும் விடவில்லை. சன்னாசி விரலால் கிறுக்கினார். முன்பு போட்டதைவிடச் சின்னக் கையெழுத்து. அறிக்கை போய்ச் சேர்ந்தது. கிடைத்தது என்று குமுதினியிடமிருந்து ஒரு வரி வந்தது.

பஞ்சாலை அடுப்பை அணைத்தாள். எண்ணெய் ஆறட்டும் என்று அங்கேயே உட்கார்ந்தாள். அவிழ்க்காத பொட்டலத்தைக் கூடையில் திருப்பி வைத்தாள்.

தேவன் மெல்ல ரதியின் பக்கத்தில் வந்து நின்றார். போனைக் காட்டச் சொல்லிக் கேட்கவில்லை. கேட்கத்தான் வந்தார் என்று தெரிந்தது. அவளே திருப்பிக் காட்டினாள். அவர் விரலால் தள்ளித் தள்ளிக் கடைசி வீடு வரை போனார். மேலே வந்து இன்னொரு தடவை தேடினார்.

"என்னைய எங்கயும் காணோமே."

"ஒங்களுக்குப் பக்கம் இல்லப்பா."

"ஒண்ணு போட முடியாதா? சும்மா பேருக்கு. ஒனக்குத் தெரியும்ல அதெல்லாம்."

போட முடியாது என்று சொல்லிவிட்டால் எளிதாக இருந்திருக்கும். ஆனால் அது பொய். ரதி புதிய பக்கம் ஒன்றைத் திறந்தாள். காலிப் பெட்டி திரையில் வந்தது. அதைப் பார்த்ததும் அவர் முகம் கொஞ்சம் மலர்ந்தது. 

"போடலாம்," என்றாள். "முதல்ல வீட்டு எண் கேக்கும்பா."